எந்தத் தரத்தோடு ஒப்பிட்ட அளவு?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஒரே ரத்த மாதிரிக்கு இரண்டு ஆய்வகங்கள் வெவ்வேறு கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்றும் ஒரு கழிவுப்பொருள்) அளவைத் தந்தால், எது சரி என்றுதான் எல்லோரும் கேட்கிறோம். அவ்விரு எண்களும் எந்த ஒப்பீட்டுத் தரத்தை, அதாவது மதிப்பு அறியப்பட்ட எந்த மாதிரியை, அடிப்படையாகக் கொண்டவை என்பதையே முதலில் கேட்க வேண்டும்.

அளவுத்திருத்தம், அதாவது காலிபரேஷன், என்றால் கருவியைச் சரிசெய்வது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. மதிப்பு முன்பே அறியப்பட்ட ஒரு தரத்தைக் கருவியில் வைத்து, அது காட்டும் எண் எவ்வளவு விலகுகிறது, அந்த விலகலை எவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியும் என்று பதிவு செய்வதே அளவுத்திருத்தம்; சரிசெய்வது அதற்குப் பிறகு வரும் தனி வேலை. அந்தத் தரமும் அதைவிட நுட்பமான இன்னொன்றோடு ஒப்பிடப்பட்டு, தேசிய அளவியல் நிறுவனம் வழியாகப் பன்னாட்டு அலகு முறை வரை சங்கிலி அறுபடாமல் செல்ல வேண்டும். ஒவ்வொரு கண்ணியிலும் நிச்சயமின்மை, அதாவது உண்மை மதிப்பு எவ்வளவு விலகியிருக்கலாம் என்ற வரம்பு, சற்றே கூடும். அதை மறைக்காமல் எழுதுவதுதான் நேர்மையான சான்றிதழ்.

உச்சியில் இருந்த தரமே ஐயத்துக்கு உள்ளானதுண்டு. பாரிஸை அடுத்த செவ்ரில், கண்ணாடிக் கூடுகளுக்குள் காக்கப்பட்டு வரும் பிளாட்டினம்-இரிடியம் உருளைதான் 1889 முதல் 2019 வரை கிலோகிராமின் வரையறையாக இருந்தது. சுமார் 39 மில்லிமீட்டர் உயரமே உள்ள அதை ஒப்பீட்டுக்கு எடுக்கும் முன், மென்தோலால் துடைத்து நீராவியால் கழுவுவார்கள். ஏறத்தாழ ஒரு நூற்றாண்டில் அதற்கும் அதன் நகல்கள் பலவற்றுக்கும் இடையே சுமார் 50 மைக்ரோகிராம் வேறுபாடு தோன்றியது. மாறியது உருளையா, நகல்களா என்று தீர்மானிக்க வழியில்லாமல் இருந்தது; அன்றைய வரையறைப்படி உருளை எப்போதும் சரியாக ஒரு கிலோகிராம். 2019 மே 20 முதல் இயற்பியலின் அடிப்படை மாறிலிகளில் ஒன்றான பிளாங்க் மாறிலியின் நிலையான மதிப்பைக் கொண்டு கிலோகிராம் வரையறுக்கப்படுகிறது. ஆனாலும் ஆய்வகத் தராசுக்கு இன்றும் எடைக்கற்கள் வேண்டும். கைபட்டால் விரலின் எண்ணெய்ப் பசையும் எடையில் சேரும் என்பதால், நுண்ணிய கற்களை இடுக்கியால் மட்டுமே எடுக்கிறார்கள்.

ரத்தச் சோதனையில் சிக்கல் இன்னும் பெரிது. அங்கே தரமாகப் பயன்படும் சீரம் (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீர்), சோதனை முறையில் நோயாளியின் ரத்தத்தைப் போலவே நடந்துகொள்ள வேண்டும். இல்லாவிட்டால், சரியான மதிப்பு ஒட்டப்பட்ட சீரமே கருவியைத் தவறான பக்கம் இழுத்துவிடும். இரண்டு கிரியாட்டினின் முடிவுகள் டெசிலிட்டருக்கு 0.1 மில்லிகிராம் வேறுபட்டால், அது சிறுநீரகத்தின் மாற்றமா, தரத்தின் மாற்றமா என்பது நிச்சயமின்மை தெரியாமல் விளங்காது.

ஆகவே ஆய்வக அறிக்கைகளில் முடிவோடு நிச்சயமின்மையையும், ஒப்பிட்ட தரத்தையும் அச்சிடுவது கட்டாயமாக வேண்டும். காற்று, நீர், மருந்து பற்றிய அளவீடுகளை வெளியிடும்போது இவ்விரண்டையும் கேட்டுப் பெற்றுச் சேர்க்குமாறு தங்கள் செய்தியாளர்களையும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்