பிள்ளை சொன்னது சொன்னபடி புதுக்கடைக்குப் போகட்டும்

நீதி அமைச்சுக்கும் சட்டமா அதிபர் திணைக்களத்துக்கும் மலையகத்திலிருந்து ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரியவர்களே,

பிள்ளையொன்று பாதிக்கப்பட்ட பாலியல் குற்ற வழக்கொன்றில் நுவரெலியாவிலோ பதுளையிலோ மேல் நீதிமன்றம் தந்த தீர்ப்பு மேன்முறையீட்டுக்குப் போனால், கொழும்புப் புதுக்கடையில் மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் இருக்கும் நீதியரசர்கள் வழக்கமாகப் பிள்ளையின் முகத்தைப் பார்ப்பதில்லை, குரலையும் கேட்பதில்லை. விசாரணையில் சொன்னதெல்லாம் பதிவான வழக்கேட்டைத்தான் படிக்கிறார்கள். சாட்சியை நேரில் பார்த்த நீதிபதி எடுத்த முடிவில் மேன்முறையீட்டைக் கேட்கும் மன்றம் எளிதில் கைவைக்கக்கூடாது என்பது 1918இன் பிராட் எதிர் பிரவுன் வழக்குத் தொட்டு இங்கே சொல்லப்பட்டு வருவது. ஆனாலும் ஏட்டில் முரண்பாடு தெரிந்தால் அவர்கள் அதைப் பார்க்கத்தான் வேண்டும். அந்த முரண்பாடு எங்கே பிறந்தது என்பதைப் பற்றித்தான் இந்த மடல்.

சட்டத்தில் நான் குறை காணவில்லை. சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 118ஆம் பிரிவு சாட்சிக்கு வயதெல்லை வைக்கவில்லை. கேள்வி விளங்கி, பொருத்தமாகப் பதில் சொல்ல முடிந்த எந்தப் பிள்ளையும் சாட்சி சொல்லலாம். இத்தனை பேர் சாட்சி சொன்னால்தான் செல்லும் என்ற கணக்கு இல்லை என்கிறது 134ஆம் பிரிவு. பாதிக்கப்பட்டவரின் சாட்சியத்தை மட்டும் நம்பித் தண்டிப்பது ஆபத்து என்று எச்சரித்தாலும், அது மனதை நம்பவைப்பதாக இருந்தால் தனியே ஏற்கலாம் என்றது சுனில் வழக்கு (1986). தாமதமாகச் சொன்னது ஒன்றையே காரணமாக வைத்துச் சாட்சியைத் தள்ளாமல், ஏன் தாமதம் என்று பார்க்க வேண்டும் என்றது சுமணசேன வழக்கு (1999).

தேயிலைத் தோட்டத்தில் இந்தத் தாமதம் எப்படி வருகிறது? அம்மா வளைகுடா நாட்டில் வீட்டு வேலையில், பிள்ளை பாட்டியிடம். கெடுத்தவன் பல நேரம் அதே லயத்தில் (தொழிலாளர் வரிசைவீட்டில்), ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவன், அல்லது சொந்தக்காரன். பாட்டிக்குச் சொன்னால் அடி விழுமோ என்ற பயம். சொன்ன பிறகும் பொலிஸுக்குப் போக ஒரு நாள் சம்பளத்தை விட வேண்டும். இதையெல்லாம் விசாரணையில் யாராவது கேட்டு ஏட்டில் பதிய வைத்தால்தானே மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குத் தெரியும்? வழக்கை நடத்தும் அரச சட்டத்தரணி கேட்காவிட்டால், ஏட்டில் தாமதம் மட்டும் இருக்கும், காரணம் இருக்காது.

அடுத்தது வாக்குமூலம். தமிழில் பேசும் பிள்ளையின் வாக்குமூலம் பல இடங்களில் சிங்களத்தில் எழுதப்படுகிறது. “கொழுந்து நிறுத்து முடிந்து எல்லாரும் திரும்பி வந்த நேரம்” என்று பிள்ளை சொல்லியிருக்கும். எழுதுகிறவர் ஒரு மணிக்கணக்கைப் போட்டுவிடுவார். சில ஆண்டுகள் கழித்து அதே பிள்ளை வளர்ந்து மேல் நீதிமன்றத்தில் நிற்கும்போது, “அன்றைக்கு மூன்றரை என்றாய், இன்றைக்கு இருட்டிவிட்டது என்கிறாயே?” என்று குறுக்கு விசாரணை. மூன்றரை என்று சொன்னதே அந்தப் பிள்ளை இல்லை. ஆனால் முரண்பாடு அவள் பெயரில் பதிவாகி மலையிறங்கிக் கொழும்புக்குப் போகிறது.

குற்றஞ்சாட்டப்பட்டவருக்கும் நீதி வேண்டும். பிள்ளை சொன்னால் அது வேதவாக்கு என்று நான் வாதாட வரவில்லை. சொல்லிக்கொடுத்துச் சொல்லும் பிள்ளைகளும் உண்டு, அதைக் கண்டுபிடிக்கவும் முதல் பேச்சு அப்படியே இருக்க வேண்டும்.

அதற்கான வழி ஏற்கெனவே சட்டத்தில் இருக்கிறது. 1999ஆம் ஆண்டின் 32ஆம் இலக்கச் சட்டம் சான்றுக் கட்டளைச் சட்டத்தில் 163அ பிரிவைச் சேர்த்து, பிள்ளையுடனான ஆரம்ப நேர்காணலை வீடியோவில் பதிந்து சாட்சியமாக ஏற்க இடம் தந்தது. ஹட்டனிலும் நுவரெலியாவிலும் பதுளையிலும் தமிழ் தெரிந்த, பயிற்சி பெற்ற பெண் உத்தியோகத்தர்களோடு அந்தப் பதிவுக்கு வசதி செய்யுங்கள். எழுத்தில் எடுப்பதென்றால் தமிழிலேயே எடுத்து, பிள்ளைக்கு வாசித்துக் காட்டுங்கள். மொழிபெயர்த்தவர் யார் என்பதும் ஏட்டில் இருக்கட்டும். அரச சட்டத்தரணிகளுக்கு நான் வைக்கும் வேண்டுகோள் ஒன்றுதான்: தாமதத்தின் காரணத்தைப் பிள்ளையின் வாயாலேயே, முதல் விசாரணையிலேயே கேட்டுவிடுங்கள். மேன்முறையீட்டில் வழக்கை முதலிலிருந்து மீண்டும் விசாரிக்கக் கட்டளை வந்தால், எல்லாவற்றையும் திரும்பச் சொல்ல வேண்டியது அவள்தான்.

இப்படிக்கு,
மலையகத் தோட்டமொன்றில் வாழும் ஒருவர்