வைட்டமின் டி மாத்திரைக்கு நிறுத்தும் தேதியையும் எழுதித் தர வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திருப்பூரில் பல ஆண்டுகளாக மருந்தாளுநராகப் பணியாற்றி வருகிறேன். வைட்டமின் டி குறைபாட்டுக்குத் தரப்படும் 60,000 யூனிட் மாத்திரை எப்படி எழுதப்படுகிறது, எப்படி விற்கப்படுகிறது, வீட்டில் எப்படிச் சாப்பிடப்படுகிறது என்பதை நாள்தோறும் கடையில் நின்று பார்ப்பவன் என்ற முறையில், இதில் உடனே சரிசெய்யக்கூடிய ஒரு குறையை மருத்துவர்களின் கவனத்துக்கும் சுகாதாரத் துறையின் கவனத்துக்கும் தங்கள் நாளிதழ் வழியாகக் கொண்டுவர விரும்புகிறேன். இந்த மருந்தைத் தொடங்கச் சொல்கிறோம். எப்போது நிறுத்த வேண்டும் என்பதைப் பெரும்பாலும் எழுதித் தருவதில்லை.

கணக்கைப் பார்த்தாலே இது எவ்வளவு பெரிய குறை என்பது புரியும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020-இல் வெளியிட்ட பரிந்துரைப்படி, வயது வந்த ஒருவருக்கு நாளொன்றுக்குத் தேவையான வைட்டமின் டி 600 யூனிட். அப்படியானால் 60,000 யூனிட் கொண்ட ஒரே மாத்திரை நூறு நாள் தேவைக்குச் சமம். குறைபாடு உறுதியானவர்களுக்கு வாரம் ஒரு மாத்திரை வீதம் எட்டு வாரங்கள் கொடுத்து, அதன்பின் மாதம் ஒன்றாகவோ நாள்தோறும் சிறு அளவாகவோ குறைத்துக்கொள்வது நம் மருத்துவர்கள் வழக்கமாகக் கையாளும் நல்ல முறை. அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. பி, சி வைட்டமின்களில் உடலுக்கு மிஞ்சியதில் பெரும்பகுதி சிறுநீரில் போய்விடும். கொழுப்பில் கரையும் டி வைட்டமினோ உடலின் கொழுப்பில் தங்கி, வாரக்கணக்கில் மெல்ல மெல்ல வெளிவரும். வாரம் ஒரு மாத்திரை போதும் என்பதற்கும், அளவு மீறினால் ஆபத்து என்பதற்கும் காரணம் இது ஒன்றே.

எழுபது வயதை நெருங்கிய ஓர் அம்மையாருக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். தனியாக வசிப்பவர், மகன் வெளியூரில் வேலை பார்க்கிறார். மூட்டுவலிக்காக எங்கோ காட்டியபோது எழுதித் தந்த சீட்டில் மாத்திரையின் பெயருக்கு எதிரே 'வீக்லி ஒன்ஸ்' என்று ஆங்கிலத்தில் கிறுக்கலாக இருந்தது. எத்தனை வாரம் என்பது இல்லை. அவர் அதை மற்ற மாத்திரைகளோடு சேர்த்துத் தினமும் காலையில் சாப்பிட்டு, தீர்ந்தபோதெல்லாம் காலி அட்டையைக் காட்டி வெவ்வேறு கடைகளில் வாங்கியிருக்கிறார். இரண்டு மாதங்களுக்கு மேல் இப்படியே போயிருக்கிறது. எட்டு வாரத்தில் 4,80,000 யூனிட் சேர வேண்டிய உடலில் முப்பத்தாறு லட்சம் யூனிட்டுக்கு மேல் சேர்ந்துவிட்டது. எங்கள் கடைக்கு அவர் வந்தது மலச்சிக்கலுக்கும் குமட்டலுக்கும் மருந்து கேட்டு. நாக்கு வறண்டு, பேசும்போதே இரண்டு முறை தண்ணீர் வாங்கிக் குடித்தார். கைப்பையிலிருந்து காலி அட்டைகளை எடுத்து வைத்து, "சத்து மாத்திரைதானுங்களே தம்பி, கூடக் கொஞ்சம் சாப்பிட்டா நல்லதுதானுங்களே" என்றார். உடனே மருத்துவமனைக்கு அனுப்பினோம். இரத்தத்தில் கால்சியம் மிகவும் ஏறியிருந்தது, சிறுநீரகமும் பாதிக்கப்பட்டிருந்தது. நாள்கணக்கில் குளுக்கோஸ் பாட்டில் போல நரம்பு வழியே உப்புநீர் ஏற்றி, மருந்துகள் கொடுத்துத் தேற்றினார்கள்.

வைட்டமின் டி மிகும்போது குடல் அதிகக் கால்சியத்தை உறிஞ்சும். எலும்பிலிருந்தும் கால்சியம் வெளியேறும். வாந்தி, மலச்சிக்கல், தீராத தாகம், அடிக்கடி சிறுநீர், சோர்வு, முதியவர்களுக்கு மனக்குழப்பம், சிலருக்குச் சிறுநீரகக் கல் என்று அது வெளிப்படும். இவற்றைச் சர்க்கரை என்றோ வயோதிகம் என்றோ வீட்டார் எடுத்துக்கொள்வது எளிது. மாத்திரையை நிறுத்திய பிறகும் கொழுப்பில் தேங்கியது வற்ற வாரங்களோ மாதங்களோ ஆகும் என்பதால், நோய் உடனே நின்றுவிடுவதில்லை.

இந்த மாத்திரை இவ்வளவு பேர் கைக்கு வருவதற்குப் பரிசோதனைப் பொதிகளும் ஒரு காரணம். முழு உடல் பரிசோதனை என்ற பெயரில் நலமாக இருப்பவர்களுக்கும் வைட்டமின் டி பார்க்கப்படுகிறது. இரத்தத்தில் மில்லிக்கு 30 நானோகிராமுக்குக் கீழே இருந்தால் ரிப்போர்ட்டில் தடித்த எழுத்தில் வருகிறது. 24 என்ற எண்ணைப் பார்த்துப் பயந்து, மருத்துவரைக்கூடப் பார்க்காமல் நேரே கடைக்கு வருகிறவர்கள் பலர். அமெரிக்காவின் மருத்துவக் கழகம் 2010-லேயே, பெரும்பாலோரின் எலும்பு நலத்துக்கு 20 போதுமானது என்று கூறியது. 30 என்ற இலக்கை 2011-இல் பரவலாக்கிய, ஹார்மோன் மருத்துவ வல்லுநர்களின் சங்கமான எண்டோகிரைன் சொசைட்டியே 2024-இல் வெளியிட்ட புதிய வழிகாட்டலில் அந்த எண்ணைக் கைவிட்டு, நலமாக உள்ள பெரியவர்களுக்கு வழக்கமாக இந்தப் பரிசோதனை செய்ய வேண்டியதில்லை என்றும் கூறிவிட்டது. நம் ஊர் ரிப்போர்ட்டுகளில் பழைய எண் அப்படியே நிற்கிறது.

டி மாத்திரை மாரடைப்பைத் தடுக்கும், புற்றுநோயைத் தடுக்கும் என்று நம்பிச் சாப்பிடுகிறவர்களும் இருக்கிறார்கள். அமெரிக்காவில் ஏறத்தாழ 26,000 பேரிடம் நாளொன்றுக்கு 2,000 யூனிட் கொடுத்து நடத்திய வைட்டல் ஆய்வில், மாரடைப்பும் புதிதாக வரும் புற்றுநோயும் குறையவில்லை. குறைபாடு பார்த்துத் தேர்ந்தெடுக்கப்படாத அந்தப் பொதுமக்களிடம் எலும்பு முறிவும் குறையவில்லை. ஆஸ்திரேலியாவில் எழுபது வயது கடந்த பெண்களுக்கு ஆண்டுக்கு ஒரே தவணையாக ஐந்து லட்சம் யூனிட் கொடுத்தபோது, கீழே விழுவதும் எலும்பு முறிவதும் கூடின என்று 2010-இல் வெளியான ஆய்வு காட்டியது. 'ஒரே ஊசியில் ஆறு லட்சம், ஆறு மாதத்துக்குக் கவலையில்லை' என்று முதியவர்களுக்கு ஊசி போடும் வழக்கம் இன்னும் இங்கே இருப்பதால் இதைக் குறிப்பிடுகிறேன்.

இவ்வளவும் சொல்வதால் இந்த மருந்தே வேண்டாம் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. உண்மையில் இது தேவைப்படுகிறவர்களுக்குப் போய்ச் சேரவில்லை என்பதுதான் எனக்கு அதிக வருத்தம் தருகிறது. எங்கள் ஊர் பனியன் கம்பெனிகளில் காலையில் உள்ளே போனால் இருட்டிய பிறகே வெளியே வரும் பெண்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். வைட்டமின் டி உருவாகத் தேவையான புற ஊதாக் கதிர் இளங்காலை வெயிலில் மிகக் குறைவு; அண்டை மாநிலத்தின் திருப்பதியில் நடந்த ஆய்வு, காலை 11 மணி முதல் பிற்பகல் 2 மணி வரையிலான வெயிலில்தான் அது நன்றாக உருவாகிறது என்று காட்டியது. அந்த நேரத்தில் இவர்கள் டியூப்லைட்டுக்குக் கீழே தையல் எந்திரத்தின் முன் உட்கார்ந்திருக்கிறார்கள். இடுப்பிலும் தொடையிலும் ஓயாத வலி, குத்துக்கால் வைத்து உட்கார்ந்தால் கையூன்றாமல் எழ முடியவில்லை, மாடிப்படி ஏற முடியவில்லை என்று வருகிறவர்களுக்கு எலும்பு மென்மையாகும் நோய் இருக்கிறதா என்று பார்க்கவே வேண்டும். ஆனால் இவர்களில் பலர் மாதக்கணக்கில் வலி மாத்திரையும் வலி ஊசியுமாகக் காலந்தள்ளுகிறார்கள். குறைபாடு உறுதியானால், கேழ்வரகு, பால், மோர் போன்ற கால்சியம் தரும் உணவோடு டி மாத்திரையும் கொடுத்தால் சில மாதங்களில் அந்தப் பெண் மீண்டும் நிமிர்ந்து நடப்பார். கைக்குழந்தைகளுக்கு முதல் ஓராண்டு நாளும் 400 யூனிட் சொட்டுமருந்து தேவை. ஆனால் மில்லிக்கு 400 யூனிட் உள்ளதும் 800 யூனிட் உள்ளதும் கடையில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. தாய்மார்கள் முன்பு வாங்கியதே என்று எண்ணி அதே அளவு ஊற்றாமல், பாட்டில் மாறும்போதெல்லாம் மருந்தாளுநரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

சிறுநீரகக் கல் வந்தவர்கள், சிறுநீரக நோயாளிகள், காசநோய் உள்ளவர்கள், தயசைடு வகை இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மருத்துவரிடம் அதைச் சொல்லாமல் 60,000 யூனிட்டைத் தொடவே கூடாது. கால்சியம் மாத்திரைகள் பலவற்றிலும் டி3 என்ற பெயரில் வைட்டமின் டி கலந்திருக்கிறது என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

எங்கள் கடையில் இந்த மாத்திரையைக் கொடுக்கும்போது, அட்டையில் ஒவ்வொரு மாத்திரைக் குழிக்கு மேலும் அழியாத பேனாவால் தேதி எழுதித் தருகிறோம்: இந்த ஞாயிறு, அடுத்த ஞாயிறு என்று. கடைசித் தேதிக்குக் கீழே 'இதோடு நிறுத்தவும், டாக்டரைப் பார்க்கவும்' என்று எழுதுகிறோம். பாலில் கலக்கும் தூள் பாக்கெட்டுகளுக்கும் இதே முறைதான். ஓர் அட்டைக்கு ஒரு நிமிடம்கூட ஆவதில்லை. இதை மருத்துவரே சீட்டில் தமிழில், 'வாரம் ஒன்று, எட்டு வாரம் மட்டும்' என்று எழுதிவிட்டால் கடைக்காரருக்கும் ஐயம் இருக்காது. சீட்டில் உள்ள எண்ணிக்கைக்கு மேல் விற்பதில்லை, காலி அட்டையைப் பார்த்து விற்பதில்லை என்று மருந்து வணிகர்கள் உறுதியெடுக்க வேண்டும். தயாரிப்பாளர்கள் 'வாரம் ஒருமுறை மட்டும்' என்பதை அட்டையின் பின்புறம் ஒவ்வொரு குழியின் மீதும் தமிழில் அச்சிட முடியும். அரசு கேட்டால் செய்வார்கள். ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் அரசு மருத்துவமனை மருந்தகங்களிலும் இந்த நடைமுறையைத் தொடங்க ஒரு சுற்றறிக்கையே போதும்.

அதுவரையில், வீட்டில் இந்த மாத்திரை இருப்பவர்கள் இன்றைக்கே சீட்டை எடுத்துப் பார்க்க வேண்டுகிறேன். எத்தனை வாரம் என்று அதில் இல்லையென்றால், அடுத்த மாத்திரையைச் சாப்பிடும் முன் எழுதித் தந்த மருத்துவரிடம் கேட்டு, அந்தத் தேதியை அட்டையிலேயே குறித்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஒரு மருந்தாளுநர்,
திருப்பூர்.