காயலான் கடைக்காரர் வாங்காத பொருள்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் நலம். அம்மாவுக்கு முட்டிவலி பரவாயில்லை. நீ போனில் கேட்டதற்கு அப்போதே பதில் சொல்லியிருப்பேன். பாதியில் அம்மா போனை வாங்கிக்கொண்டாள். அதனால்தான் இந்தக் கடிதம்.

"வாரத்துக்கு இவ்வளவு குப்பை எங்கேருந்துப்பா வருது?" என்றாய். மளிகைக் கடை வைத்துப் பிழைத்தவனிடம் கேட்க வேண்டிய கேள்விதான். நம் கடையில் குப்பை என்று பெரிதாக எதுவும் சேர்ந்ததில்லை. அரிசிச் சாக்கு, எண்ணெய் டின், அட்டைப்பெட்டி எல்லாவற்றுக்கும் விலை உண்டு, கேட்டு வாங்கிப் போக ஆள் உண்டு. கோலி சோடா பாட்டிலைக் கடையிலேயே குடித்துவிட்டு வைத்துவிடுவார்கள். எண்ணெய்க்குத் தூக்கோடு வருவார்கள்.

அதற்காகப் பழைய காலத்தில் எல்லாமே சரியாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். பேப்பரைக் கூம்பாகச் சுருட்டி, பருப்பைக் கொட்டி, வாயை மடித்துச் சணலைச் சுற்றி இழுத்தால் பொட்டலம் அவிழவே அவிழாது. ஆனால் செய்தித்தாள் மை நல்லதில்லை. அதில் வடை, பஜ்ஜி மடிக்கக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018 விதிகளில் தடையே போட்டுவிட்டது. டீக்கடைக்காரர்தான் இன்னும் கேட்டபாடில்லை.

சாஷே வந்த கதையைச் சொல்கிறேன், அது நம் ஜில்லா சமாச்சாரம். கடலூர் சின்னிகிருஷ்ணன்தான் பொருளைச் சாஷே என்கிற சின்னப் பாக்கெட்டில் அடைத்து விற்ற முன்னோடி. மொத்தமாக வாங்க வழியில்லாத கூலிக்காரரும் வாங்கட்டும் என்பது அவர் கணக்கு. அவர் மகன் ரங்கநாதன் 1983இல் தொழில் தொடங்கி, சிக் ஷாம்பூவைச் சாஷேயில் அடைத்து ஊர் ஊராகக் கொண்டு போனார். நம் கடை வாசலில் சரம் சரமாகத் தொங்கியதே, நினைவிருக்கும். அன்றாடம் காய்ச்சிக்கு அது பெரிய உதவி. அதை நான் குறை சொல்ல மாட்டேன். மாதச் சம்பளம் வாங்கும் நீயும் மாப்பிள்ளையும் ஐம்பது கிராம் மிளகாய்த்தூளும் சின்ன பிஸ்கட் பாக்கெட்டுமாகத் தினம் ஒன்று போனில் தட்டி வரவழைப்பதுதான் எனக்குப் புரியவில்லை.

நான் சொல்வது ஒன்றுதான்: காயலான் கடைக்காரர் எதை வாங்க மாட்டாரோ, அதை வீட்டுக்குள் விடாதே. அட்டை, தண்ணீர் பாட்டில், டின், கண்ணாடி, ஆவின் கவர் என்று கொடுத்தால் எடை போட்டுக் காசு கொடுப்பார். சிப்ஸ் பாக்கெட்டைக் கொடுத்துப் பார், திருப்பிக் கையில் கொடுத்துவிடுவார். அது பிளாஸ்டிக்கும் மெல்லிய அலுமினியப் பூச்சும் அடுக்கடுக்காக ஒட்டியது. பிரித்தெடுக்கச் செலவு அதிகம், விற்றால் விலை இல்லை. சாஷே, சாஸ் பாக்கெட், தெர்மாகோல், குழம்பு ஒட்டிய கவர், எல்லாம் அதே கதி. கடைசியில் அதெல்லாம் குப்பைமேட்டுக்குத்தான் போகும். உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில்தானே பள்ளிக்கரணை? உலக அளவில் முக்கியமான சதுப்பு நிலங்களைக் குறிக்கும் ராம்சர் பட்டியலில் 2022இல் சேர்ந்த இடம் அது. அதே சதுப்பில்தான் பெருங்குடி குப்பைமேடும் இருக்கிறது. அதே வருஷம் ஏப்ரலில் அந்த மேடு தீப்பிடித்து நாள்கணக்கில் புகைந்தது. நீ ஜன்னலைச் சாத்திக்கொண்டு இருமியபடி போன் செய்தாயே.

பால் கவரை வெட்டும்போது மூலையைத் துண்டாக நறுக்கி எறியாதே. ஓரமாகக் கீறு, துணுக்கு கவரோடு ஒட்டியே இருக்கட்டும். அந்தத் துணுக்கைத் தனியாகப் பொறுக்க யாராலும் முடியாது, மழைத்தண்ணீரோடு சாக்கடைக்குப் போய்விடும். கவரை அலசிக் கொடியில் போடு. அலசாமல் மூட்டை கட்டினால் நாற்றத்தில் மாப்பிள்ளையே தூக்கி வெளியே போட்டுவிடுவார், பாவம் அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

இனி உடம்பு விஷயம். போன முறை வந்தபோது உன் வீட்டில் கொதிக்கக் கொதிக்க சாம்பார் பிளாஸ்டிக் கவரில் வந்தது; ஊற்றும்போது கவர் சுருங்கிக் குழைந்து போயிருந்தது. சூடு, எண்ணெய், புளிப்பு மூன்றும் சேர்ந்தால் பிளாஸ்டிக்கில் உள்ளது சாப்பாட்டில் இறங்குவது கூடும். பேப்பர் கப்பை நம்பாதே, அதன் உள்பக்கமும் மெல்லிய பிளாஸ்டிக் பூச்சுதான். காரக்பூர் ஐஐடியில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள்: 100 மில்லி சூடான திரவம் 15 நிமிஷம் இருந்தால் சுமார் 25,000 பிளாஸ்டிக் நுண்துகள் அதில் கலக்கிறது. ஆபீஸுக்கு ஒரு எவர்சில்வர் டம்ளர் எடுத்துப்போனால் யாரும் சிரிக்க மாட்டார்கள், சிரித்தால் சிரிக்கட்டும். சின்னவனுக்குப் பாலை மட்டும் எக்காரணம் கொண்டும் பிளாஸ்டிக்கில் சூடாக்காதே.

ஹோட்டல் சாப்பாட்டை விட்டுவிடு என்று சொல்லவில்லை. இரண்டு பேரும் வேலைக்குப் போகிறவர்கள். தெருமுனைக் கடைதானே, மாப்பிள்ளை நடந்து போய் அடுக்குத் தூக்கில் வாங்கி வரட்டும். இட்லி மாவும் அப்படியே, மாவுக்கடையில் பாத்திரம் கொடுத்தால் ஊற்றித் தருவார்கள். கிரைண்டர் பரணில் தூங்குவதைப் பற்றி அம்மா தனியாகப் பேசுவாள், நான் அதில் தலையிடப் போவதில்லை. பருப்பு, அரிசி, புளி எல்லாம் மாதத்துக்கு ஒரு முறை மொத்தமாக, மளிகைக்காரரிடம் டப்பாவோடு போய் வாங்கு. முதல் தடவை அவர் முகம் சுளிப்பார். இரண்டாம் தடவை டப்பாவை நிறுத்துக் கழித்துவிட்டுப் போடுவார். நானும் கடைக்காரன்தானே, தெரியாதா.

கடைக்காரரும் கம்பெனியும் மாற வேண்டும் என்று நீ சொல்வாய். நியாயம்தான். 14 வகை ஒருமுறைப் பிளாஸ்டிக்கை நம் மாநிலம் 2019 ஜனவரியிலேயே தடை செய்தது, 2021இல் மஞ்சப்பையை மீண்டும் கொண்டுவந்தது, ஆனாலும் சந்தையில் கவர் கிடைத்துக்கொண்டுதான் இருக்கிறது. காசு சம்பந்தப்பட்டால்தான் மனுஷன் அசைகிறான். நீலகிரியில் டாஸ்மாக் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டில் கொடுத்தால் திருப்பித் தரும் ஏற்பாட்டை 2022இல் தொடங்கினார்கள். காட்டில் வீசிப்போனவர்களே தேடி வந்து கொடுக்கிறார்கள். நம் கடைக் கோலி சோடா பாட்டில் கடையிலேயே தங்கிய மாதிரி, இங்கேயும் பாட்டில் கடைக்கே திரும்புகிறது. சிப்ஸ் கம்பெனிக்கும் ஒரு நாள் அப்படி வந்தால் நல்லது. அதுவரை உன் வாசலில் நீதான் காவல்.

அடுத்த வாரம் உன் மாமா சென்னை வருகிறார். பண்ருட்டி முந்திரி இரண்டு கிலோ, அம்மா இடித்த மிளகாய்த்தூள், பேரனுக்கு எள்ளுருண்டை கொடுத்தனுப்புகிறேன். எல்லாம் எவர்சில்வர் டின்னில் வரும். டின் அம்மாவுடைய கல்யாணச் சீர், மூடி உட்பட மாமாவிடமே திருப்பிக் கொடுத்துவிடு. போன தடவை வந்த மூடி இன்னும் உன் வீட்டில்தான் இருக்கிறதாம், அதையும் தேடி எடுத்துவை.

அன்புடன்,
அப்பா