வெண்ணாற்றங்கரைத் திடலிலிருந்து ஒரு நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

என் தோளுக்கு நேர்ந்ததையும் அதன்பின் எங்கள் வீடு பட்ட பாட்டையும் நீங்கள் அனைவரும் அறிவீர்கள். நேற்று மாலை முழுக் கால்பந்து ஆட்டமும் கோல் கம்பங்களுக்கு நடுவே நின்றுவிட்டு வந்திருக்கிறேன். அந்தப் படபடப்பு அடங்குமுன் இதை எழுதுகிறேன்.

அறுவைச் சிகிச்சைக்குப் பணம் திரட்டிய குழுத் தோழர்கள், கை தூக்கவே அஞ்சிய என்னைப் பொறுமையாகப் பழக்கிய இயன்முறை மருத்துவர், பாக்கியைக் கேட்காமலேயே அரிசியும் பருப்பும் கொடுத்தனுப்பிய மளிகைக் கடைக்காரர், அம்மாவுக்கு இரவில் துணையிருந்த தெருப் பெண்கள் ஆகிய அனைவருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி.

படுத்திருந்த நாட்களில் பயிற்சியாளர் ஐயா மாலைதோறும் வந்து கோல்கீப்பர்களின் கதைகளையே சொல்வார். கோல் அடிக்கும் முன்கள வீரராக, அதாவது சென்டர் ஃபார்வர்டாகத் தொடங்கிக் கோல்கீப்பராக மாறி, 1956 மெல்போர்ன், 1960 ரோம் ஒலிம்பிக் போட்டிகளில் இந்திய அணியில் இடம்பெற்று, 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கமும் வென்ற பீட்டர் தங்கராஜைப் பற்றிச் சொல்வார். 2006 அக்டோபரில் மண்டையோடு முறிந்தும், மூன்றே மாதங்களில் தலைக்கவசம் அணிந்து திரும்பி, 2019 வரை ஆடிய பெட்டர் செக்கைப் பற்றிச் சொல்வார். மனம் நம்பியது, உடம்பு நம்பவில்லை. திடலுக்குத் திரும்பிய பிறகும், பக்கவாட்டில் வரும் பந்துக்குப் பாயாமல் நின்ற இடத்திலேயே நின்றேன். மேட்டூரில் தண்ணீர் திறக்காத கோடையில் எங்கள் களிமண் தரை எப்படிப் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும் என்பதை ஊரார் அறிவீர்கள்.

திடலை ஒட்டி நிலம் வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் நான் பாயாமல் நிற்பதை வரப்பிலிருந்து கவனித்திருக்கிறார். கால்பந்து ஆட்டம் ஒன்றையும் முழுதாகப் பார்த்தறியாதவர் அவர். மறுநாள் நான் போனபோது, கோல் முன்னே குந்தி, கருவேல முள்ளையும் ஓட்டாஞ்சில்லையும் விரலால் பொறுக்கித் துண்டின் முனையில் முடிந்துகொண்டிருந்தார். பக்கத்தில் அவருடைய வைக்கோல் போரிலிருந்து உருவி வந்த கட்டுகள் கிடந்தன. கோலின் 24 அடி அகலத்துக்கும் முழங்கால் உயரம் பரப்பி, நடுவில் தானே ஒருமுறை உட்கார்ந்து பார்த்துவிட்டு, "விழறதுதானே தம்பி ஒன் வேல? மொதல்ல இதுல விழு" என்றார். கோடையில் மாட்டுத் தீவனம் என்ன விலை விற்கிறது என்பது தெரிந்தவர்களுக்கே அதன் அருமை விளங்கும்.

அந்த வைக்கோலில்தான் விழப் பழகினேன். முழங்கையை ஊன்றாமல், முதலில் கெண்டைக்கால், அடுத்துத் தொடை, பிறகு இடுப்பு, கடைசியாகத் தோள் என்று சிறுவயதில் கற்ற வரிசை சிறிது சிறிதாக உடம்புக்குத் திரும்பியது. பெரியவர் வாரந்தோறும் வைக்கோலின் கனத்தைக் குறைத்துக்கொண்டே வந்தார். அப்படிச் செய்யும்படி அவரிடம் யாரும் சொல்லவில்லை. நாற்றங்காலிலிருந்து நடவுக்குப் போகும் பயிரைப் பார்த்துப் பழகிய கண் அது என்றே நினைக்கிறேன். ஒரு நாள் வெறுந்தரையில் பாய்ந்து எழுந்த பின்னரே அடியில் வைக்கோல் இல்லை என்பதைக் கவனித்தேன்.

வைக்கோல் பரப்பிய பெரியவர் ஐயா, கூலி என்று எதைக் கொடுத்தாலும் நீங்கள் வாங்கமாட்டீர்கள் என்பதை அறிவேன். ஆகவே ஊரறிய ஒன்றைச் சொல்கிறேன். இனி எங்கள் திடலில் கோல் காக்கப் பழகவரும் எந்தப் பிள்ளையும் முதல் மாதத்தில் கட்டாந்தரையில் விழமாட்டான். அதற்கான வைக்கோலை வரும் சம்பா அறுவடை முதல் என் செலவில் வாங்கிப் போடுகிறேன். முள் பொறுக்கும் வேலையும் என்னுடையதே.

நன்றியுடன்,
உங்கள் கோல்கீப்பர்