பழைய வால்வு கிட்டார் ஆம்ப்ளிஃபயர்கள்: வயதறிதலும் சீரமைப்பும் குறித்து வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புடைய வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். பழைய வால்வு (வெற்றிடக் கண்ணாடிக் குழாய்) ஆம்ப்ளிஃபயரை எங்கள் பணிமனையில் ஒப்படைப்பவர்கள் பெரும்பாலும் இரண்டு கேள்விகளைக் கேட்கிறார்கள். இது எந்த ஆண்டில் செய்யப்பட்டது என்பது ஒன்று. சில உதிரிகளை மாற்றிவிட்டு, அவற்றைவிடப் பழையதாகத் தெரியும் வேறு சிலவற்றை ஏன் அப்படியே விட்டீர்கள் என்பது மற்றொன்று. ரசீதின் ஓரத்தில் எழுதும் ஒற்றை வரி இவற்றுக்குப் போதாது என்பதால் இம்மடலை எழுதுகிறோம். எங்களிடம் அதிகம் வருபவை அமெரிக்க நிறுவனமான ஃபெண்டரின் 1960களின் ஆம்ப்ளிஃபயர்கள். ஆகவே டீலக்ஸ் ரிவெர்ப் மாடலையே எடுத்துக்காட்டாகக் கொள்கிறோம்.

அதன் பெட்டிக்குள் ஒட்டப்பட்டிருக்கும் வால்வு அட்டவணைத் தாளில் ‘ஏபி763’ என்று அச்சிட்டிருக்கும். அதைக் கண்டதும் இது 1963ஆம் ஆண்டுப் பெட்டி என்று முடிவு செய்து விலை பேசிவிடுகிறவர்கள் உண்டு. அந்த எண் சர்க்யூட் வரைபடத்துக்கு உரியது. 1963 ஜூலையைக் குறிக்கும் அந்த அமைப்பிலேயே நிறுவனம் பிறகும் பல ஆண்டுகள் ஆம்ப்ளிஃபயர்களைச் செய்துவந்தது. பெட்டி உருவான மாதத்தை அறிய, அதே தாளில் ரப்பர் முத்திரையாக இருக்கும் இரண்டு ஆங்கில எழுத்துகளைத் தேட வேண்டும். முதல் எழுத்து ஆண்டு. ‘ஏ’ என்றால் 1951, ‘பி’ என்றால் 1952 என்று வரிசையாகச் செல்லும். இரண்டாவது எழுத்து மாதம். எனவே ‘என்’, ‘கே’ என்று முத்திரை இருந்தால் அது 1964 நவம்பர்.

தாளை மட்டும் நம்பிவிட முடியாது. அது கிழிந்து போயிருக்கலாம். அல்லது பெட்டி ஒன்றாகவும் உள்ளே உதிரிகளைத் தாங்கும் உலோகச் சட்டமான சேசிஸ் வேறாகவும் இருக்கலாம். ஆகவே சேசிஸை வெளியே எடுத்து, உதிரிகளின் மீதுள்ள எண்களைப் படிக்கிறோம். அமெரிக்க உதிரித் தயாரிப்பாளர் ஒவ்வொருவருக்கும் தனி எண் உண்டு. வால்யூம் கண்ட்ரோலின் முதுகில் ‘1376438’ என்று இருந்தால், 137 என்பது சிடிஎஸ் நிறுவனம், 64 ஆண்டு, 38 அந்த ஆண்டின் வாரம். டிரான்ஸ்ஃபார்மரில் ‘606-4-41’ என்று இருந்தால் ஷூமேக்கர் நிறுவனம், 41ஆவது வாரம். ஆண்டுக்கு ஒற்றை இலக்கம் மட்டும் இருக்கும்போது அந்த 4, 1954ஐக் குறிக்கிறதா 1964ஐக் குறிக்கிறதா என்பதை மற்ற சான்றுகள்தான் சொல்ல வேண்டும். ஸ்பீக்கரில் 220 என்றால் ஜென்சன், 465 என்றால் ஆக்ஸ்ஃபோர்டு. உதிரிகள் மொத்தமாக வாங்கப்பட்டுச் சில காலம் அலமாரியில் கிடந்திருக்கக்கூடும் என்பதால், பெட்டி இதற்கு முன் செய்யப்பட்டிருக்க முடியாது என்பதை மட்டுமே இவ்வெண்கள் உறுதியாகக் காட்டும். கண்ட்ரோல், டிரான்ஸ்ஃபார்மர், தாள் மூன்றும் ஒரே காலத்தைச் சுட்டி, டிரான்ஸ்ஃபார்மரின் சால்டர் மூட்டுகளும் யாரும் தொடாதவையாக இருந்தால், ஆண்டையும் மாதத்தையும் துணிந்து எழுதித் தருகிறோம்.

முன்தகட்டிலுள்ள நிறுவனப் பெயரைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள். 1965 ஜனவரியில் லியோ ஃபெண்டர் தொடங்கிய இந்நிறுவனம் சிபிஎஸ் என்ற அமெரிக்க ஒலிபரப்பு நிறுவனத்தின் கைக்குச் சென்றது. அதற்கு முந்தைய தகடுகளில் ‘ஃபெண்டர் எலக்ட்ரிக் இன்ஸ்ட்ருமென்ட் கம்பெனி’ என்றும், பிந்தியவற்றில் ‘ஃபெண்டர் மியூசிக்கல் இன்ஸ்ட்ருமென்ட்ஸ்’ என்றும் இருக்கும். சந்தையில் முன்னதற்கு விலை அதிகம். ஆனால் சர்க்யூட் அதே ஏபி763தான். நல்ல நிலையிலுள்ள இரண்டை அருகருகே வைத்துக் கேட்டால், தகட்டின் பெயரை ஒலியைக் கொண்டு கண்டுபிடிக்க முடியாது என்பது எங்கள் உறுதியான கருத்து. வாசிப்பதற்காக வாங்குபவர்கள் அந்தப் பெயருக்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

இனிச் சீரமைப்பு. எதைத் தொட்டாலும் அதற்குமுன் படம் எடுத்துக்கொள்கிறோம். மின்விநியோகப் பகுதியில் மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர்களை, தோற்றம் எவ்வளவு நன்றாக இருந்தாலும், மாற்றியே தருகிறோம். உள்ளிருக்கும் ஈரப்பசை காலப்போக்கில் உலர்ந்துவிடுவதால் முதலில் இரைச்சல் வரும். முற்றிலும் ஷார்ட் ஆனால், ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபயர் வால்வையும், சில சமயம் பவர் டிரான்ஸ்ஃபார்மரையும் கொண்டுபோய்விடும். புதியவற்றைப் பழையவற்றின் மைக்ரோஃபாரட் மதிப்பிலேயே போடுகிறோம். கூடுதல் மதிப்பு போட்டால் பாஸ் இறுக்கமாகும் என்று கேட்பவர்களுக்கு ஒரு சொல்: ஜிஇசட்34 ரெக்டிஃபயர் தன்னை அடுத்துவரும் கெபாசிட்டர் 60 மைக்ரோஃபாரட் வரை மட்டுமே தாங்கும். மேலும், ஓங்கி வாசிக்கும்போது மின்னழுத்தம் சற்றே தளர்ந்து மீள்வதும் இந்த ஆம்ப்ளிஃபயரின் இயல்பில் ஒரு பகுதி. அதை இறுக்கிக் கெடுக்க எங்களுக்கு மனமில்லை.

இதற்கு மாறாக, ஒலிப் பாதையில் ஒலியை மட்டும் கடத்தி டிசியைத் தடுக்கும் நீல நிறக் கப்ளிங் கெபாசிட்டர்களை எளிதில் மாற்றுவதில்லை. மறுபுறம் டிசி கசிகிறதா என்று அளக்கிறோம். கசியாதது அதே இடத்தில் இருக்கும். கார்பன் ரெசிஸ்டர்களின் மதிப்பு ஆண்டுகள் செல்லச் செல்ல ஏறும். பொரியும் சத்தம் தருவதையும் மதிப்பு வெகுவாக விலகியதையும் மட்டும் எடுக்கிறோம்.

உதிரிகள் பொருத்தப்பட்டிருக்கும் கறுப்பு ஃபைபர் பலகையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அது ஈரத்தை உறிஞ்சும். கடற்கரை ஊர்களில் நெடுநாள் இருந்த பெட்டிகளில் அந்தப் பலகையே சிறிதளவு மின்சாரத்தைக் கடத்தத் தொடங்கிவிடுகிறது. மீட்டரின் ஒரு முனையைச் சேசிஸிலும் மறுமுனையை எதுவும் இணைக்கப்படாத வெறும் பலகையிலும் வைத்தால், வோல்ட் காட்டக்கூடாத இடத்தில் காட்டும். கண்ட்ரோலைத் திருப்பும்போது கரகரப்பு, காரணமின்றி எழுந்து அடங்கும் இரைச்சல் ஆகியவற்றுக்கு வால்வுகளை மாற்றி மாற்றிப் பார்த்து வாடிக்கையாளர்கள் செலவழிப்பது எங்களுக்கு வருத்தம் தருகிறது. வெதுவெதுப்பான காற்றால் பொறுமையாக உலர்த்தினால் பெரும்பாலான பலகைகள் தேறிவிடும். இதற்கு நாட்கள் பிடிக்கும். தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

ஒரு மாற்றத்தில் மட்டும் யார் சொன்னாலும் இசைவதில்லை. அக்கால அமெரிக்கப் பெட்டிகளில் இரட்டை முள் பிளக்கும், மின்கம்பியிலிருந்து சேசிஸுக்குச் செல்லும் ஒரு கெபாசிட்டரும் இருக்கும். அது ஷார்ட் ஆனால் சேசிஸிலும், அதன்வழி உங்கள் கிட்டாரின் கம்பிகளிலும் மின்சாரம் ஏறும். மைக்கில் உதடு பட்டவுடன் உடல் வழியே பாயும். அதை நீக்கி, எர்த் உள்ள மூன்று கம்பி வயரைப் போட்டே தருவோம். நம் ஊர் 230 வோல்ட்டுக்காக ஸ்டெப்டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கும்போது, அதன் வெளிப்பக்கச் சாக்கெட்டிலும் எர்த் இணைப்பு உண்டா என்று சோதியுங்கள். அது இல்லாத டிரான்ஸ்ஃபார்மர்கள் கடைகளில் ஏராளம். அமெரிக்காவின் 60 ஹெர்ட்ஸுக்காகச் சுற்றப்பட்ட, பெட்டிக்குள் இருக்கும் பவர் டிரான்ஸ்ஃபார்மர் நம் 50 ஹெர்ட்ஸில் கூடுதலாகச் சூடாகும் என்பதால், அதற்குரிய 117 வோல்ட்டைவிடச் சற்றுக் குறைவாக, 110 வோல்ட் தருவதை வாங்குவது நல்லது.

வால்வுகளைச் சோதித்து, நல்லவற்றைத் திருப்பிப் போட்டுவிடுகிறோம். அச்சிட்ட பெயரை எவரும் போலியாக அச்சிடலாம். டெலிஃபுங்கன் வால்வின் அடிக்கண்ணாடியில் ஊசிகளுக்கு நடுவே இருக்கும் வைர வடிவப் புடைப்பு போன்றவையே நம்பத்தக்க அடையாளம். வாக்ஸ் ஏசி30 என்ற பிரிட்டிஷ் ஆம்ப்ளிஃபயரை வைத்திருப்பவர்கள், வீட்டுப் பரணில் வால்வு ரேடியோ உதிரிகள் கிடந்தால் தூக்கி எறிய வேண்டாம். அதற்கு வேண்டிய இஎல்84 ரேடியோக்களிலும் பயன்பட்ட வால்வுதான். பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸ் முத்திரையுள்ள வால்வுகளையும் கொண்டுவந்தால் சோதித்துச் சொல்கிறோம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். ஆண்டுக்கணக்கில் சும்மா கிடந்த ஆம்ப்ளிஃபயரை, வேலை செய்கிறதா என்று அறிய ஒருமுறைகூட நேரடியாக மின்சாரத்தில் போட்டுப் பார்க்காதீர்கள். நாங்கள் மின்சாரத்தைக் கட்டுப்படுத்த வரிசையில் இணைத்த பல்பு (சீரிஸ் பல்பு) வழியாக, மின்னழுத்தத்தைச் சிறிது சிறிதாக ஏற்றிப் பார்ப்போம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே 400 வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்கலாம் என்பதால் சேசிஸைத் திறக்கவும் வேண்டாம். லாரியில் அனுப்புவோர் வால்வுகளைக் கழற்றித் தனியாகச் சுற்றி, எது எந்தச் சாக்கெட்டில் இருந்தது என்று குறித்து அனுப்புங்கள். நாங்கள் கழற்றும் ஒவ்வோர் உதிரியும் உறையிலிடப்பட்டு, படித்த எண்களின் குறிப்போடு உங்களிடமே திரும்பி வரும்.

இப்படிக்கு,
பணிமனையினர்