இரண்டாம் பருவ நிறைவும் ஆண்டுவிழா நாடகமும்: பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோர் அனைவருக்கும் வணக்கம்.

இரண்டாம் பருவம் நல்லபடியாக நிறைவடைந்துள்ளது. அரையாண்டுத் தேர்வில் மாணவர்கள் பாராட்டத்தக்க மதிப்பெண்கள் பெற்றுள்ளனர். விளையாட்டுப் போட்டிகளிலும் அறிவியல் கண்காட்சியிலும் பரிசு வென்றுள்ளனர். மழை விடுமுறைகளை ஈடுசெய்யும் வகுப்புகளும் முடிந்துவிட்டன.

குழந்தைகள் தின மாறுவேடப் போட்டியைப் பற்றிச் சற்று விரிவாக எழுத வேண்டியிருக்கிறது. 'சாதனைப் பெண்கள்' என்ற தலைப்புக்கு ஏழாம் வகுப்பு மாணவியர் சிலர், நூலக நேரத்தில் படித்தறிந்த விமானி பெஸ்ஸி கோல்மனைத் தேர்ந்தெடுத்திருந்தனர். அதில் எங்களுக்கு மகிழ்ச்சியே. ஆனால் அவர்களில் சிலர் முகத்திலும் கைகளிலும் கறுப்புச் சாயம் பூசி, கிழிந்த பாவாடை உடுத்தி மேடையேறினர். விடியற்காலையில் எழுந்து ஆசையோடு செய்துவிட்ட ஒப்பனை அது என்பதை அறிவேன். எவருக்கும் தவறான நோக்கம் இருந்ததாகவும் நான் கருதவில்லை. இருப்பினும், அந்த வேடத்தைப் பெஸ்ஸி கோல்மனே ஏற்றிருக்க மாட்டார்.

அவர் 1892-இல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், பருத்திக்காட்டில் உழைத்த குடும்பம் ஒன்றில் பிறந்தவர். கறுப்பினக் குழந்தைகளுக்கென ஒதுக்கப்பட்ட ஓரறைப் பள்ளியில் படித்தார். பின்னர் சிகாகோவில் ஒரு முடிதிருத்தகத்தில் ஆண்களுக்கு நகம் திருத்தும் வேலை பார்த்து வந்தபோது, முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய அண்ணன் ஜான், பிரான்சுப் பெண்கள் விமானமே ஓட்டுகிறார்கள் என்று சொல்லி அவரைச் சீண்டினார். பெண் என்பதாலும் கறுப்பினத்தவர் என்பதாலும் அமெரிக்கப் பயிற்சிப் பள்ளிகள் அவருக்கு இடம் தரவில்லை. 'சிகாகோ டிஃபெண்டர்' இதழின் நிறுவனர் ராபர்ட் அபாட்டின் யோசனைப்படி பிரெஞ்சு மொழி கற்றுக்கொண்டு, 1920 நவம்பரில் கப்பலேறி, பிரான்சில் பயின்று, 1921 ஜூன் 15 அன்று பன்னாட்டு விமானி உரிமம் பெற்றார். அந்த உரிமத்தைப் பெற்ற முதல் கறுப்பினப் பெண் அவர்தான். நம் பாடநூல்கள் பெரும்பாலும் நினைவுகூரும் அமீலியா ஏர்ஹார்ட்டுக்கு அதே உரிமம் கிடைத்தது 1923-இல்தான்.

பெற்றோர் குறிப்பாகக் கவனிக்க வேண்டியது இனிமேல் சொல்வது. தாயகம் திரும்பிச் சாகச விமானியாகப் புகழ்பெற்ற அவருக்கு ஒரு திரைப்பட வாய்ப்பு வந்தது. விமானப் பயிற்சிப் பள்ளி ஒன்றைத் தொடங்கும் கனவுக்குப் பணம் தேவைப்பட்ட காலம் என்பதால் முதலில் ஒப்புக்கொண்டார். தொடக்கக் காட்சியில் கந்தல் உடுத்தி, கையில் தடியும் முதுகில் மூட்டையுமாக வரவேண்டும் என்று தெரிந்ததும், கறுப்பின மக்களை அப்படிக் காட்டத் துணைபோக மாட்டேன் என்று விலகிக்கொண்டார். தாம் வளர்ந்த ஊரான வாக்ஸஹாச்சியில் சாகசம் நிகழ்த்த அழைத்தபோதும், வெள்ளையரும் கறுப்பினத்தவரும் ஒரே வாயில் வழியாக நுழைந்தால்தான் பறப்பேன் என்று நிபந்தனை விதித்து அதைப் பெற்றார். உள்ளே இருக்கைகள் தனித்தனியாகவே இருந்தன என்பதையும் மாணவர்களுக்கு மறைக்காமல் சொல்லியிருக்கிறோம்.

போட்டிக்குப் பிறகு நடந்தவைதாம் என்னை இந்தக் கடிதம் எழுத வைத்தன. "உனக்குச் சாயமே வேண்டாம்" என்று ஒரு மாணவியிடம் வகுப்புத் தோழர்கள் சொல்லிச் சிரித்திருக்கின்றனர். அதே மாணவியின் படம் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவிலும் சிரிப்புக் குறிகளுடன் பகிரப்பட்டுள்ளது. ஆண்டுவிழா நாடகத்தில் பெஸ்ஸியாக நடிக்கத் தேர்வானவர் "கொஞ்சம் கலராக" இருந்தால் நன்றாக இருக்குமே என்று தொலைபேசியில் கேட்டவர்களும் உண்டு. அந்த மாணவி வசனத்தை மற்ற எவரையும்விடத் தெளிவாகப் பேசியதால் தேர்வானவர். அதில் மாற்றம் இல்லை. இனி இப்பள்ளியின் எந்த மேடையிலும் நிறத்தைக் காட்டச் சாயம் பூசி வருபவர் முகம் கழுவிய பின்னரே மேடையேற்றப்படுவார். நிறத்தைச் சொல்லிப் பட்டப்பெயர் வைத்து அழைப்பது ஒழுங்கு நடவடிக்கைக்கு உரியது. குழுவில் பகிர்ந்த படங்களை இன்றே நீக்கிவிட வேண்டும்.

இவ்வளவு கண்டிப்பாக எழுத நேர்ந்தாலும், உங்கள் உழைப்பை நான் குறைத்து மதிப்பிடவில்லை. பழைய காக்கிச் சட்டையைப் பிடித்துத் தைத்து, இரண்டு வளையல்களில் கண்ணாடித்தாள் ஒட்டி, எலாஸ்டிக் கோத்து விமானிக் கண்ணாடி செய்து அனுப்பியிருந்தார் ஒரு தாயார். பெஸ்ஸியின் நிழற்படங்களில் காண்பதும் இராணுவ பாணிச் சீருடையும் நீண்ட பூட்சுமே அல்லவா? அந்தத் தாயாருக்கும், பெண் பிள்ளைக்கு இந்த வேடத்தை விரும்பித் தேர்ந்தெடுத்த எல்லாப் பெற்றோருக்கும் மனமார்ந்த நன்றி. 1926-இல், 34 வயதில், விமான விபத்தில் பெஸ்ஸி இறந்ததை மேடையில் காட்டுவதா என்று கேட்டிருந்தீர்கள். வசனத்தில் மட்டும் சொல்லலாம் என்று ஆசிரியர்கள் முடிவு செய்துள்ளனர்.

ஒத்திகை பொங்கல் விடுமுறைக்குப் பின் பள்ளி நேரம் முடிந்ததும் நடைபெறும். சீருடை தைத்துத் தர முன்வருவோர் வகுப்பாசிரியரிடம் பெயர் கொடுக்கவும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்