வெளிநாடு வாழ் மதுரைக்காரர்களுக்கு, சிம்மக்கல் இட்லிக் கடையிலிருந்து

துபாய், சிங்கப்பூர், கோலாலம்பூர், லண்டன் எனப் பல ஊர்களில் பிழைப்பின் பொருட்டுக் குடியேறி, விடுமுறைக்கு ஊர் திரும்பும் மதுரை மக்களுக்கும், அங்கே அவர்கள் நடத்திவரும் சங்கங்களுக்கும் வணக்கம்.

நீங்கள் எங்கள் கடைக்கு வந்து, தட்டைக் கையில் வாங்கிக்கொண்டு சொல்வது ஏறக்குறைய ஒன்றுதான். கையில் பத்து ரூபாய் இருந்தால் அந்தக் காலத்து மதுரையில் வயிறாரச் சாப்பிடலாம் என்பீர்கள். கல்லூரி முடிந்து தல்லாகுளத்திலிருந்து நடந்தே வந்து தின்ற முட்டைப் பரோட்டாவையும், விளக்குத்தூண் பக்கத்து ஜிகர்தண்டாவையும், விடியற்காலையில் தள்ளுவண்டியில் கிடைத்த பருத்திப்பாலையும் நினைவுகூர்வீர்கள். பிறகு விலையைக் கேட்டுவிட்டு, 'மதுரையும் மாறிவிட்டது' என்று வருத்தப்படுவீர்கள். அந்த வருத்தம் உண்மையானது என்பதில் எனக்கு ஐயமில்லை. கடல் கடந்து போனவருக்கு ஊர் என்பது பெரும்பாலும் நாக்கில்தான் தங்கியிருக்கிறது. ஆனால் அந்த மலிவு எங்கிருந்து வந்தது என்பதை, அதைச் சமைத்துக் கொடுத்த வீட்டில் பிறந்தவள் என்ற முறையில் உங்களிடம் சொல்ல விரும்புகிறேன்.

சிம்மக்கல் அருகே என் அம்மா மாலை நேர இட்லிக் கடை நடத்திவருகிறார். நான் பிறப்பதற்கு முன்பே தொடங்கிய கடை அது. அன்றைய இட்லியின் விலையில் அம்மாவின் கூலி சேர்ந்ததே இல்லை. நண்பகலில் அரிசியும் உளுந்தும் ஊறப்போட்டு, இரவு கடை எடுத்து வைத்த பிறகு ஆட்டி, மறுநாள் மாலை கொப்பரையில் துணி விரித்து ஊற்றும் வரை அவர் செய்த வேலைக்கு யாரும் கணக்கு வைக்கவில்லை, அவரும் வைக்கவில்லை. அப்பா குடம் குடமாகத் தண்ணீர் சுமந்தார். பள்ளி விட்டு வந்த நாங்கள் தட்டுக் கழுவினோம், தேங்காய் துருவினோம். அடுப்பு விறகில் எரிந்தது. இடத்துக்கு வாடகை கிடையாது. நீங்கள் ரசித்துச் சாப்பிட்ட அந்த விலை, ஒரு குடும்பம் முழுவதும் கூலியில்லாமல் உழைத்ததால் நின்ற விலை.

இப்போது நாங்கள் படித்துவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டோம். அதில் எனக்குக் குற்றவுணர்வு இல்லை, அம்மா விரும்பியதும் அதுதான். ஆகவே தட்டுக் கழுவவும் சட்னி அரைக்கவும் கூலிக்கு ஆள் வைக்க வேண்டியிருக்கிறது. வீட்டு உபயோக சிலிண்டரைக் கடையில் எரிக்கக் கூடாது என்பதால் 19 கிலோ வணிக சிலிண்டர் வாங்குகிறோம். 2019 ஜனவரியில் பிளாஸ்டிக் தடை வந்த பிறகு, தட்டின் மேல் விரித்த பிளாஸ்டிக் தாளுக்குப் பதில் வாழை இலை நறுக்கிப் போடுகிறோம். அது நல்ல மாற்றம்தான், ஆனாலும் அதற்கும் காசு வேண்டும். மழை கொட்டும் நாளில் மாவு மிஞ்சி, மறுநாள் ஊத்தப்பத்துக்குப் போகும். இரண்டாம் நாளும் மழை விடாவிட்டால் கீழேதான் கொட்ட வேண்டும். மூலப்பொருள் வாங்கக் கைமுதல் இல்லாத வாரங்களில் தண்டல் வாங்குகிறார் அம்மா. 10,000 ரூபாய்க் கடன் என்றால் ஒரு பகுதியை முன்கூட்டியே பிடித்துக்கொண்டு மீதியைத்தான் கையில் தருவார்கள். நாளொன்றுக்கு 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். இவ்வளவும் சேர்ந்துதான் எங்கள் கடையில் ஓர் இட்லி 8 ரூபாய். ஒரு திர்ஹாம் இன்று இருபது ரூபாய்க்கு மேல் பெறும் என்பதை உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

மாநகராட்சி நடத்தும் 'அம்மா உணவக'த்தில் இட்லி ஒரு ரூபாய்தானே என்று கேட்பவர்களும் உண்டு. 2013இல் சென்னையில் தொடங்கி மற்ற மாநகராட்சிகளுக்கும் பரவிய அந்தத் திட்டத்தை நான் மனதார மதிக்கிறேன். அங்கே விலைக்கும் அடக்கத்துக்கும் உள்ள இடைவெளியை அரசும் மாநகராட்சியும் ஈடுகட்டுகின்றன. தெருவோரக் கடையில் அந்த இடைவெளியை ஈடுகட்ட அம்மாவின் இடுப்பும் முழங்காலும் தவிர வேறெதுவும் இல்லை.

எனவே பழைய விலையை எங்களிடம் கேட்காதீர்கள். உங்களால் காப்பாற்றிக் கொடுக்கக்கூடியது ஒன்று இருக்கிறது. அது எங்களுடைய இடம்.

தெருவில் விற்பவருக்கு அடுப்பை விட முக்கியமானது, நாளைக்கும் அதே இடத்தில் அடுப்பை வைக்கலாம் என்ற உறுதி. அது எங்களுக்கு இல்லை. ஒரு மாலையில் எங்கள் வண்டியையும் கொப்பரையையும் ஆக்கிரமிப்பு என்று சொல்லி ஏற்றிக்கொண்டு போனார்கள். வண்டி திரும்பக் கிடைத்தபோது அதிலிருந்த இரண்டு தூக்கு மாவும் பொங்கி வழிந்து, புளித்து, ஈ மொய்த்துக் கிடந்தது. அம்மா ஒன்றும் பேசாமல் தூக்கைக் கழுவினார். 2014ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டத்தைப் பிறகுதான் படித்தேன். பறிமுதல் செய்யப்பட்டது கெட்டுப்போகும் பொருளாக இருந்தால், உரியவர் கேட்ட அன்றே திருப்பித் தர வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறது. தெருவோர வியாபாரிகளைக் கணக்கெடுத்து விற்பனைச் சான்றிதழ் வழங்கும் வரை எவரையும் அப்புறப்படுத்தக் கூடாது என்றும், ஐந்தாண்டுக்கு ஒரு முறையேனும் கணக்கெடுக்க வேண்டும் என்றும் இருக்கிறது. தெரு வியாபாரத்தை முறைப்படுத்தும் நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் வியாபாரிகளே இருக்க வேண்டும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் பெண்களாக இருக்க வேண்டும். ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் வியாபாரம் நடந்த சந்தையைப் பாரம்பரியச் சந்தையாக அறிவித்து, அங்குள்ளவர்களை இடம் மாற்றாமல் காக்க வேண்டும் என்பதும் அதே சட்டம்தான். மாசி வீதிகளைச் சுற்றியுள்ள நம் ஊரை நினைத்து எழுதியது போல இருக்கிறது அந்த வரி.

சான்றிதழ் கையில் இருந்தால் தண்டலிலிருந்தும் மெல்ல விடுபடலாம். தெருவோர வியாபாரிகளுக்காக 2020இல் மத்திய அரசு கொண்டுவந்த பி.எம். ஸ்வநிதி கடன் திட்டத்தில் 10,000 ரூபாயாக இருந்த முதல் கடன், 2025இல் 15,000 ஆக உயர்ந்தது. ஒழுங்காகக் கட்டினால் 7 சதவீத வட்டி மானியமும் உண்டு. அதற்கும் சான்றிதழோ அடையாள அட்டையோ பரிந்துரைக் கடிதமோ கேட்கிறார்கள்.

உங்கள் சங்கங்கள் ஊருக்கு நிறையச் செய்திருக்கின்றன. பள்ளிக்குக் கட்டடம், கோயிலுக்குத் திருப்பணி, வெள்ளம் வந்தால் நிவாரணம் என எதையும் நாங்கள் மறக்கவில்லை. அதே கையால் மதுரை மாநகராட்சி ஆணையருக்கும் மேயருக்கும் ஒரு மனு எழுதுங்கள். விடுபட்ட வியாபாரிகளையும் சேர்த்துக் கணக்கெடுத்துச் சான்றிதழ் வழங்கவும், மாசி வீதிகளிலும் சிம்மக்கல்லிலும் கோரிப்பாளையத்திலும் விற்பனைப் பகுதிகளைக் கோடிட்டுக் குறிக்கவும், அங்கே ஒரு குடிநீர்க் குழாய், ஒரு விளக்கு, கழிவுநீர் போக ஒரு வழி, பெண்களுக்கு ஒரு கழிப்பறை அமைக்கவும் கேளுங்கள். மாலை நான்கு மணியிலிருந்து நள்ளிரவு வரை கழிப்பறைக்குப் போக முடியாமல் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்ளும் பெண்கள் சமைத்ததைத்தான் நீங்களும் நானும் சாப்பிடுகிறோம்.

இன்னொரு வேண்டுகோளும் உண்டு. 'மதுரையிலேயே மலிவான கடை' என்று எங்களைப் படம் பிடித்துப் போடாதீர்கள். அந்தக் காணொளியைப் பார்த்து வரும் கூட்டத்தில் வண்டி நிறுத்த இடமின்றித் தெரு அடைபடும், அடைபட்டதும் முதல் புகார் எங்கள் மேல்தான் வரும். அன்றாடம் எங்களிடம் சாப்பிடுபவர்கள், கீழ மாசி வீதியில் மூட்டை இறக்கும் தொழிலாளர்களும், அரசு இராசாசி மருத்துவமனையில் நோயாளிக்குத் துணையாகத் தேனியிலிருந்தும் இராமநாதபுரத்திலிருந்தும் வந்து தங்கியிருப்பவர்களும். நான்கு இட்லியோடு இரண்டாம் முறை சாம்பார் கேட்கும்போது முகம் கோணாமல் ஊற்ற ஒரு கடை அவர்களுக்கு வேண்டும். உங்களுக்கு ஆண்டுக்கொரு நாள் ஆசை, அவர்களுக்கு அன்றன்றைய இரவுச் சாப்பாடு. ஆகவே கூட்டம் குறைந்த ஒன்பதரை மணிக்கு மேல் வாருங்கள். அந்த நேரத்தில் அம்மாவும் உட்கார்ந்து உங்களோடு நாலு வார்த்தை பேசுவார்.

மனுவை ஆங்கிலத்தில் எழுத நேரமில்லை என்றால் தமிழிலேயே நாங்கள் எழுதித் தருகிறோம். எங்கள் தெருவில் விற்பவர்களின் பெயர், விற்கும் பொருள், எவ்வளவு காலமாக விற்கிறார்கள் என்ற பட்டியலை ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறோம். அதை இணைத்து, உங்கள் சங்கத்தின் பெயரில், அடுத்த சித்திரைத் திருவிழாவுக்கு ஊர் வருவதற்கு முன்பே அனுப்பிவிடுங்கள். திருவிழாக் கூட்டத்தைக் காரணம் காட்டித்தான் எங்களை முதலில் எழுப்புகிறார்கள்.

இப்படிக்கு,
இட்லிக் கடைக்காரரின் மகள்,
சிம்மக்கல், மதுரை.